இரண்டு மிஸ்டு காலும் ஏழாவது தோட்டாவும்

பெருமதிப்பிற்குரிய தலைவர், நம் குவாரியின் பாதுகாப்பு அதிகாரி சேதுமாதவன் அவர்களே! வயதில் மூத்த பெரியோர்களே! நகரத்துக் கராமா பகுதியிலிருந்து இந்த ராஸ் அல் கைமா வெயிலுக்குள் வந்திருக்கும் தாய்மார்களே! பாறையைப் பிளந்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் என் கேம்ப் சிங்கங்களே! பொன்னுச்சாமியின் பணிவான வணக்கம்.

பாதுகாப்பு நாளில் பேசச் சொன்னார்கள். வீரத்தைப் பேச நான் வரவில்லை. பயத்தைப் பேச வந்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து நான்கில், என் விசாவுக்குப் பொறுப்பான கஃபீல் மூசாவின் பண்ணையில் எனக்கு வேலை. அவர் ஆப்பிரிக்காவுக்குப் போய்க் காட்டெருமை வேட்டையாடுகிறவர். அதற்கென்றே ஒரு பெரிய துப்பாக்கி. அடடா, என்ன கம்பீரம், என்ன கனம்! அதன் வாயில் என் சுண்டுவிரல் நுழையும்.

என்ன தம்பி? "தூக்கிப் பாத்தீங்களாண்ணே" என்கிறீர்களா? தூக்கினேன். தோளில் வைத்த அந்த நொடி நானும் ஒரு ஜமீன்தார்!

சுட்டு முடிந்த பித்தளைக் குப்பியை மூசா எறியமாட்டார். துடைத்து, வெடிமருந்து நிரப்பி, மேலே குண்டை அழுத்தினால் மறுபடியும் தோட்டா. மருந்து நிரப்புகிற வேலை என்னுடையது. ஆசை ஆசையாகச் செய்தேன். பயிற்சித் தோட்டாவுக்குக் கொஞ்சம் மருந்து போதும். தவறி இரண்டு தடவை போட்டாலும் குப்பி வழியாது. ஆனால் சுட்டால் துப்பாக்கியே வெடிக்கும்.

ஒரு மிஸ்டு கால் வந்தால் வீட்டில் நலம். இரண்டு வந்தால் உடனே கூப்பிடு. நம்மில் யாருக்குத் தெரியாது இந்த ஏற்பாடு? அன்று மதியம், கையில் மருந்துக் கரண்டி, மேசையில் இருபது குப்பி. வந்தன இரண்டு மிஸ்டு கால்! பதறி ஓடினேன். போனில் என் மனைவி அருணா சொன்னாள்: "ஒண்ணுமில்லீங்க, கை தெரியாமப் பட்டுருச்சு."

திரும்பி வந்தேன். எந்தக் குப்பியில் விட்டேன்? போட்டேனா, போடவில்லையா? தெரியவில்லை. உத்தேசமாக ஒரு குப்பியிலிருந்து தொடங்கிப் போட்டேன். எல்லாவற்றிலும் குண்டை அழுத்தினேன். வாயை மூடிக்கொண்டேன். சொன்னால் விசா போய்விடுமே!

மறுநாள் காலை மலையடிவாரத்தில் மூசா துப்பாக்கியைக் கன்னத்தோடு அணைத்தார். முதல் தோட்டா வெடித்தது. என் உயிர் போய் வந்தது. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொரு முறையும் அவர் முகம் முகமாக இருக்கிறதா என்று பார்த்தேன். ஆறாவதும் வெடித்தது. ஏழாவதை ஏற்றினார்.

"மாஃபி, அர்பாப்! வேண்டாம் முதலாளி! நான் தப்புப் பண்ணிட்டேன்!" என்று அலறினேன்.

மூசா ஏற்றியதை இறக்கி, மிச்சம் பதினான்கையும் வண்டியிலிருந்த தராசில் வைத்தார். ஒன்று மட்டும் கனத்தது. பிரித்துக் கொட்டினார். இரண்டு அளவு மருந்து! அத்தனை பெரிய வேட்டைக்காரர் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"கலாஸ், போதும். இனி அந்த மேசைக்கு வராதே" என்றார். விசாவை வெட்டவில்லை. இந்தக் குவாரிக்கு மாற்றிவிட்டார்.

தோழர்களே! நாளை காலை நாம் பாறைத் துளையில் வெடிமருந்து இறக்குகிறோம். நம் பையில் போன் இருக்கிறதே, அது துடிக்காதா? வீடு கூப்பிட்டால் மனம் ஓடாதா? ஓடும்! ஆகவே போனை ரூமில் வையுங்கள். சந்தேகம் வந்தால் கத்துங்கள். வேலை போனால் போகட்டும், கத்துங்கள்! நான் ஆறு தோட்டா தாமதமாகக் கத்தினேன். அந்த ஆறு சத்தம் இன்றும் என்னைத் தூங்க விடவில்லை.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. பத்து விரலும் மிஞ்சியிருக்கும் இந்தக் கைகளைக் கூப்பி வணங்குகிறேன். நாளை மாலையும் இதே போல் எல்லோரும் எனக்குக் கை கூப்ப வேண்டும். வணக்கம்!