மாவு வைக்கணும்

சாயங்காலம் ஐந்தரை மணி. மறையூரிலிருந்து சின்னாறு வழியாக இறங்கும் காட்டுப் பாதை... செக்போஸ்ட்டை மூடுவதற்குள் கடக்க வேண்டுமென்று ஒரே ஒரு கார் பறக்கிறது. ஓட்டுகிறவன் தனபால். என் சிநேகிதி மருதாத்தாளின் தம்பி, பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரன். சிரிக்காதே பூபதி, நம்பாவிட்டால் நாளைக்கே போய்க் கேட்டுக்கொள்.

தனபாலுக்குப் பழைய தோட்டப் புத்தகங்கள் என்றால் பைத்தியம். மரம் நடுவது, ஒட்டுக் கட்டுவது என்று நூறு வருஷத்துப் புத்தகமாகத் தேடி அலைவான். வீட்டில் ஒரு துளசிச் செடி கிடையாது, அந்தக் கூத்தைக் கேள்! அன்றைக்கு மறையூரில், செத்துப்போன ஒரு மலையாளிப் பெரியவரின் புத்தகம் கிடைத்தது. அவர் மருமகள் டின்சி காசே வாங்கவில்லை.

"அப்பச்சன் சொன்னது ஒண்ணே ஒண்ணு. புஸ்தகம் கொண்டுபோற ஆளு, வீட்டு முற்றத்துல அவரு பேரைச் சொல்லி மாவு வைக்கணும்."

"கட்டாயம் வெக்கறனுங்க," என்றான் தனபால்.

காட்டுக்குள் வரும்போது பின் சீட்டில் சத்தம். சரக்... சரக்... மண்வெட்டி மண்ணில் இறங்குகிற சத்தம். திரும்பினால் புத்தகம் மட்டும்தான் இருக்கிறது. கார் முழுக்க ஈரமண் வாசனை. பாவம், வீடு சேருமட்டும் அவன் திரும்பவே இல்லை.

வந்ததும் வராததுமாக முற்றத்தில் ஒரு படி அரிசிமாவு வைத்தான், மடையன்! மலையாளத்தில் மாவு என்றால் மாமரம். பாலக்காட்டில் பிறந்தவனுக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். டின்சி தமிழில் பேசினாளே, அதில் ஏமாந்துபோனான்.

விடிந்து பார்த்தால் மாவு இல்லை... அந்த இடத்தில் ஒரு குழி. மூன்றடிக்கு மூன்றடி. புத்தகத்தில் போட்டிருந்த அதே அளவு. மூடினான். மறுநாளும் குழி. மூன்றாம் நாள் காலையில் அவனுடைய நாலு வயது மகள் ஜீவிதா அதற்குள் படுத்திருந்தாள். அளவெடுத்து வெட்டியது மாதிரி இருந்தது.

"அந்தத் தாத்தா படுக்கச் சொன்னாருங்கப்பா. அளவு பாக்கோணுமாம்."

தனபால் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு டின்சிக்குப் போன் போட்டான்.

"அய்யோ, மாமரம் வைக்கச் சொன்னா அரிசிமாவா வச்சீங்க?" என்றாள்.

அன்றைக்கே அந்தக் குழியிலேயே பெரியவர் பேரைச் சொல்லி மாங்கன்று நட்டான். அதோடு குழி நின்றது. பிள்ளையும் பழையபடி ஓடியாடி விளையாடினாள். அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. ஜென்மத்தில் முதல் தடவையாக நட்ட மரமில்லையா, தினம் அதன் பக்கத்திலேயே நிற்பான்.

போன மாசம் ஒரு காலை... தளிரில் பூச்சி அரித்திருந்தது. நுனியைக் கிள்ளிவிடச் சொல்லிப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. கிள்ளினான்.

வீட்டுக்குள் ஜீவிதா வீறிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தான். சுண்டுவிரல் நுனியைக் காணோம்.

ரத்தம் இல்லை... பிசுபிசுவென்று பால் வடிந்துகொண்டிருந்தது.