பால் சட்டியில் தெர்மோஸ்டாட்

மின்சார ரயிலில் எதிரே இருந்த லாரிக்காரர் தன் நண்பரிடம் சொன்னார்: "பால் சட்டில ரெண்டையும் போட்டுக் கொதிக்க வச்சேன் மாமு."

"இன்னாத்த?"

"இன்ஜினுக்குத் தண்ணி வுடுற தெர்மோஸ்டாட்டத்தான். வண்டி சூடாவுதேன்னு, கம்மி சூட்லயே தொறக்குறது வாங்கினேன்ல? புதுசும் பழசும் ஒண்ணாத்தான் தொறக்குது."

"கடக்காரன் பழைய டிகிரிலயே தொறக்குறத தள்ளிவுட்டுக்கிறான். நான் அப்பவே சொன்னேன், எவனையும் நம்பாதன்னு."

"அவன் கெடக்கட்டும். நல்லா இருக்குற பழசப் பாத்து லேட்டா தொறக்குது, மாத்துன்னு மெக்கானிக் சொன்னானே, அவன் மேலதான் எனக்கு டவுட்டு."

"எந்த மெக்கானிக்கு?"

"உன் மச்சான்தான்."

நண்பர் மெதுவாகச் சொன்னார்: "தண்ணி சூடு பத்தியிருக்காது மாமு. இன்னொரு தபா வச்சிப் பாரு."