மேஜர் நீட்டிய மண்வெட்டி

"ஹலோ... ஆமா, கல்லறைத் தோட்டந்தான்... அவர் இல்லீங்க, அந்தக் கோடியில குழி வெட்டிக்கிட்டிருக்கார். நான் அவர் சம்சாரம், மெலானியா... யாரு?"

மெலானியா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை முறைத்துப் பார்த்தாள். சாமியார்களும் கல்யாணம் கட்டும் தங்கள் கிறிஸ்தவச் சபையை அரசு தடை செய்த பிறகும் பூசை வைத்தார் என்று, அவள் புருஷன் ஓமெலியான் சாமியாரைச் சைபீரியாவுக்கு ஏற்றி அனுப்பிய ரகசியப் போலீஸ் குரல் அது. பல்லெல்லாம் போய்த் திரும்பி வந்த மனுஷனிடம் மண்வெட்டியை நீட்டி, "இனி இதுதான் உன் பலிபீடம்" என்று சிரித்ததும் அதே குரல்தான். இன்றைக்கு அதில் தேன் சொட்டியது.

"ஓ, தோழர் மேஜரா! வணக்கம், வணக்கம்... ஆமாமா, உங்கம்மா அடக்கத்தைப் பார்த்தேனே. சிவப்புக் கொடி, பேண்டு வாத்தியம், கட்சிக்காரங்க பிரசங்கம். ஜாம்ஜாம்னு நடத்திட்டீங்க... என்ன? மெதுவாப் பேசணுமா? எதுக்கு?... என்ன விஷயம்னு சொன்னாத்தானே தெரியும்... 'அந்த விஷயம்'னா எந்த விஷயம்?"

அவளுக்குத் தெரியாதா என்ன! கேட்டு ரசிக்க வேண்டாமா?

"கனவுலயா?... தினமுமா?... என்ன கேக்கறாங்க?... 'என் கதவை ஏன்டா சாத்தல'ன்னா? ஐயோ பாவம். கேக்கத்தானே செய்வாங்க. சாமியார் வந்து நாலு பக்கமும் சிலுவை கீறி, மந்திரிச்சு, கல்லறைக்கு முத்திரை போட்டாத்தானே கதவு சாத்தினதா அர்த்தம்? அது இல்லைன்னா பராஸ்கா அம்மா எப்படித் தூங்குவாங்க?... சாகறப்போ சத்தியம் வாங்கினாங்களா? நீங்களும் செஞ்சு குடுத்தீங்களா? கட்சிக்காரர் சத்தியம்!... சரி சரி, கோவிச்சுக்காதீங்க."

"...இல்ல. வரமாட்டார். இங்க ஏது சாமியார்? நீங்கதானே எழுதிக் கையெழுத்து வாங்கினீங்க, 'இந்த ஊர்ல சாமியாரே கிடையாது'ன்னு. வேணும்னா குழிவெட்டியைக் கூப்பிடறேன், பேசறீங்களா?... மிரட்டாதே! மறுபடி அனுப்புவியா? அனுப்பு. உங்கம்மா கதவு அப்படியே திறந்து கிடக்கட்டும். காலத்துக்கும் உன் கட்டில் பக்கத்துல வந்து நிக்கட்டும்!"

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். அவள் அவசரப்படவில்லை. புருஷன் சைபீரியாவில் இருந்த வருஷங்களையெல்லாம் காத்தே கழித்தவள்தானே.

"...ஆங், அப்படிக் கேளு. ஆனா இப்படி முணுமுணுத்தா ஆகாது. இந்த போனுக்குக் காது வெச்சது யாரு, நீதானே? பீட்ரூட் சூப்புல உப்பு கம்மின்னு நான் சொன்னதைக்கூட விசாரணையில வாசிச்சுக் காட்டினியே. இப்பவும் டேப்பு ஓடுதுல்ல? ஓடட்டும். சத்தமாச் சொல்லு. உன் பேரைச் சொல்லு, பதவியைச் சொல்லு. எங்கம்மா அந்தச் சபைக்காரி, ஓமெலியான் சாமியார் வந்து அவ கல்லறையை மந்திரிக்கணும், கெஞ்சிக் கேக்கறேன்னு சொல்லு... முடியாதா? சரி, வெச்சிடறேன்... ம்?... ம்... கேக்கல... பதவியைச் சொல்லாம விட்டுட்டே... ஆமா... ஆமா... 'சாமியார்'ங்கறதை இன்னொரு தடவை சொல்லு, காதுக்குக் குளிர்ச்சியா இருக்கு... ஆமா."

மெலானியா கண்ணை மூடிக்கொண்டாள். இதைக் கேட்கத்தான் உயிரோடு இருந்தோமோ என்று தோன்றியது.

"இப்ப நான் சொல்றதைக் கேளு, ப்ரோகிப். உங்கம்மா கல்லறைக்கு முத்திரை போட்டாச்சு... எப்பவா? அடக்கத்தன்னிக்கே, பேண்டு முழங்கறப்போவே. மண்ணை மூடினப்புறம் குழிவெட்டி நாலு பக்கமும் மண்வெட்டியால சிலுவை கீறி ஏதோ முணுமுணுத்தானே, 'என்னடா கிழவா தட்டிக்கிட்டு நிக்கறே, நகரு'ன்னு நீகூட அதட்டினே... ஆமா, அதேதான். உங்கம்மா உயிரோட இருக்கறப்பவே அவர்கிட்டயும் கேட்டுக்கிட்டாங்க, அவர் செஞ்சார். நீ குடுத்த மண்வெட்டிதான். இந்த ஊர்ல எத்தனை கல்லறைக்கு உன் மண்வெட்டி முத்திரை போட்டிருக்குன்னு உனக்கென்ன தெரியும்!"

"...கனவா? அது உன் பாவம், அதுக்கு முத்திரை கிடையாது... அவரைப் பிடிப்பியா? பிடி. இந்த டேப்பைத்தானே சாட்சியா வெக்கணும்? முதல்ல உன் குரல்தான் வரும். இனிமே அவருக்குக் காய்ச்சல் வந்தாக்கூட நீதான் பயப்படணும்."

"...என்ன, அழறியா? கொஞ்சம் சத்தமா அழு, ப்ரோகிப். டேப்பு ஓடிக்கிட்டிருக்கு."

ரிசீவரை வைத்துவிட்டு, புருஷனுக்குச் சாப்பாடு எடுத்துப் போனாள்.