அமிர்தம் சிஸ்டருக்கு நான் கொடுத்த மாத்திரை

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவ அலுவலர் அவர்களே! செவிலியத் தங்கைகளே! கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்துச் சங்கராபுரம் வந்து சேர்ந்த பெரியோர்களே! முதல் வரிசையில் தலை குனிந்திருக்கும் அமிர்தம் சிஸ்டரின் மகளே இலக்கியா! வணக்கம் சொல்லக்கூட எனக்குக் கை எழவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகள் மலைக்கிராமங்களின் செவிலியராக இருந்த அமிர்தம் சிஸ்டரின் படத்துக்கு மாலை போடக் கூப்பிட்டீர்கள். யாரை? அவருடைய சுகாதார நிலையத்தின் மருந்தாளுநர் சுப்புராயனை! அந்தத் தகுதி எனக்கு உண்டா?

ஓடை பெருகிய நாளில் தடுப்பூசிப் பெட்டியைத் தலைமேல் வைத்து அக்கரை போனவர் அமிர்தம். எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்று நோட்டைப் பார்க்காமலே சொன்னவர் அமிர்தம். அதே அமிர்தம்தான் கடைசி மூன்று வருஷமாகப் பெட்டியை பஸ்ஸிலேயே மறந்தார். கூட்டத்தில் பேசும்போதே அழுதார். நாம் என்ன சொன்னோம்? 'வூட்டுக்காரரு செத்த ஏக்கம்' என்றோம். 'வேலைக்கு டிமிக்கி குடுக்குது, சோம்பேறி' என்றோம். சிரித்தோமே ஐயா, சிரித்தோமே!

ஒருநாள் என் ஜன்னலருகே வந்து நின்றார்.

"அண்ணே, எலும்பெல்லாம் குடையுது. சும்மாவே அழுவ வருது. உசுரோட இருக்கவே புடிக்கல. எனக்கு இன்னாண்ணே ஆவுது?"

"வயசாவுதில்ல? கால்சியம் போடும்மா, சரியாப்பூடும்" என்று அட்டை அட்டையாக எடுத்துக் கொடுத்தேன். எலும்பு வலி என்றால் அந்த மாத்திரையைத் தவிர வேறொன்றும் தெரியாத கை இது! நம்பி விழுங்கினார்.

கடைசியில் சேலத்தில்தான் ரத்தம் பார்த்தார்கள். கழுத்திலே பாராதைராய்டு என்று நெல்மணி அளவில் நாலு சுரப்பிகள் இருக்கின்றன. ஒன்றில் கட்டி. அது எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி உருவி ரத்தத்தில் கொட்டியிருக்கிறது. மறதி, அழுகை, வாழ்க்கை வெறுப்பு எல்லாம் பெரும்பாலும் அதன் வேலைதான் என்றார் டாக்டர். காலத்தோடு வந்திருந்தால் சின்ன ஆபரேஷனில் எடுத்திருக்கலாமாம்! ஏற்கெனவே நிரம்பி வழிந்த ரத்தத்தில் நானும் அல்லவா அள்ளிப் போட்டேன்! அந்தக் கால்சியத்தால் சிறுநீரகம் இரண்டும் போன பிறகு தெரிந்து என்ன பயன்?

ஆறுதல் சொல்ல வரவில்லை நான். எனக்கே அது கிடைக்கவில்லை. ஆனாலும் இந்தப் படத்தின் முன் ஓர் உறுதி. எலும்பு வலி, காரணமில்லாத அழுகை என்று இனி யார் வந்தாலும், ரத்தம் பார்க்க டாக்டரிடம் அனுப்பாமல் இந்தக் கை மாத்திரை எடுக்காது. நீங்களும் எடுக்காதீர்கள்.

இலக்கியா, ஆஸ்பத்திரியில் உன் அம்மா என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்: "அப்ப நான் சோம்பேறி இல்லதானே அண்ணே?"

இல்லம்மா, இல்ல. அன்றைக்கு இதைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.