சோளக்காடு போய்ச் சேர்ந்த சத்தம்

பெற்றோர்களே… தலைமையாசிரியை என்னைப் பிள்ளைங்க மார்க்கைப் பத்திப் பேசச் சொன்னாங்க. பேசிடறேன். அதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதையைச் சொல்லிடறேனே. பைக் கதைங்க. இந்தா… பின்வரிசையில சாஞ்சிருந்த அப்பாமாரெல்லாம் நிமிர்ந்து உட்காருறாங்க பாருங்க.

சேந்தமங்கலத்துல பொன்னுரங்கம்னு ஒருத்தர். வீடு வீடாப் போய் கரண்ட் மீட்டர் பார்த்து எழுதுற வேலை. பழைய பைக் ஒண்ணு வச்சிருந்தாரு. அது பாட்டுக்கு ஓடும்… யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. அந்தச் சமயத்துல அவர் மச்சினி யசோதாவுக்குக் கல்யாணம் வந்துது. மூத்த மாப்பிள்ளை வந்து இறங்கினா நாலு பேரு பார்க்க வேண்டாமா? மெக்கானிக் பஷீர்கிட்டப் போனாரு.

"பஷீரு, சைலன்சரை மாத்து. ஊரே திரும்பிப் பார்க்கணும்."

பஷீர் பொறுமையாச் சொன்னாரு: "மாத்தலாம்ணே. ஆனா புகை வெளியே போற வழியை அகலமாக்கினா, காத்து உள்ளே வர்ற வழியையும் மாத்தணும். அதுக்குத் தக்கபடி பெட்ரோலையும் சரி பண்ணணும். மூணும் சேர்ந்தாத்தான் வண்டி இழுக்கும். ஒரு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்க."

"உள்ளே போற காத்தை எவன்யா பார்க்கப் போறான்? சத்தத்தை மட்டும் மாத்து."

மாத்திட்டாங்க. எப்படி இருந்துது? தெருவுல போனா ஜன்னல் கண்ணாடி அதிருது. மீட்டர் பார்க்கப் போனா, வீட்டுக்காரங்க மாடிக்கு ஓடிப் போய் காயப்போட்ட துணியை எடுக்கறாங்க… இடி இடிக்குதுன்னு.

கல்யாணம் கொல்லிமலைக்கு மேல, சோளக்காட்டுல. எழுபது வளைவு ஏறணும். சொந்தக்காரங்க முதல் நாளே வேன்ல போயிட்டாங்க. இவரு மட்டும் தனியா, பைக்லதான் வருவாராம். காலையில எட்டரைக்கு மாமனார் போன் பண்ணுறாரு.

"மாப்ள… தாலியை உங்க வீட்டுச் சாமி ரூம்லயே வச்சுட்டு வந்துட்டோம். பத்தரைக்கு முகூர்த்தம் முடியுதுங்க. கார் அனுப்பட்டுங்களா?"

"காரா? எதுக்குங்க மாமா? நம்ம வண்டி இருக்குது. ஒரு மணி நேரம்."

தாலியைச் சட்டைப் பையில வச்சு ஊக்கு குத்திக்கிட்டுக் கிளம்பினாரு. சமவெளியில வண்டி பறக்குது. மலை ஆரம்பிச்சுது… வண்டி இருமுது. பத்தாவது வளைவுல விக்குது. நாப்பதாவது வளைவுல பின்னாடி 'டமார்'னு வெடிக்குது. சத்தம் மலையேறுது… வண்டி ஏற மாட்டேங்குது.

மேல மண்டபத்துல என்ன நடக்குது? மணி ஒன்பதே முக்கால். 'டுபு டுபு டுபு'ன்னு கேக்குது. மாமனார் எந்திரிச்சாரு. "எங்க மாப்ள வந்துட்டாருங்க."

தவில்காரர் குச்சியைக் கையில எடுத்தாரு. 'டமார்.' தாலி கட்டற வெடி போட்டுட்டாங்கன்னு நினைச்சு கெட்டிமேளத்தை முழக்கிட்டாரு. மேளம் கேட்டா ஜனம் என்ன செய்யும்? அத்தனை பேரும் அட்சதையைப் போட்டுட்டாங்க. மாப்பிள்ளைப் பையன் ரெண்டு கையையும் நீட்டினபடி நிக்கிறான்… கையில ஒண்ணும் இல்ல.

கொஞ்ச நேரம் ஆச்சு. மறுபடியும் 'டமார்'. மறுபடியும் மேளம். மறுபடியும் அட்சதை. மூணாவது தடவை போட அரிசி இல்ல. ஆள் விட்டுச் சமையல்காரரைக் கேட்டா, "எல்லா அரிசியும் உலையில கிடக்குது, சோறாப் போட்டுக்கறீங்களா?"ங்கறாரு.

மாப்பிள்ளையோட அம்மா மெதுவாக் கேட்டாங்க: "ஏனுங்க சம்பந்தி, தாலி வருதுங்களா… இல்ல, சத்தம் மட்டும்தான் வருதுங்களா?"

மாமனார் வாசலுக்கும் மேடைக்குமா நடக்கிறாரு. மணமேடையில யசோதா தலையே நிமிரல.

அறுபத்தோராவது வளைவுல வண்டி நின்னே போச்சு. பொன்னுரங்கம் உதைக்கிறாரு, உதைக்கிறாரு, கண்ணுல தண்ணி முட்டுது. பின்னாடி ஒரு மொபெட் வருது. சந்தைக்குப் பிளாஸ்டிக் குடம் கொண்டு போற வியாபாரி. விஷயத்தைக் கேட்டாரு. "ஏறுங்க. ஆனா உட்கார இடமில்ல, குடத்தை நீங்கதான் மாட்டிக்கணும்."

தோள்ல நாலு, கையில நாலு. சத்தமே இல்லாம அந்த மொபெட் மண்டப வாசல்ல போய் நின்னுது. மணி பத்து இருபது. இவரு உள்ளே ஓடுறாரு. மாமனார் பார்த்தாரு.

"குடமெல்லாம் வேண்டாம் போப்பா. நாங்களே நொந்து போய் இருக்கோம்."

"மாமா… நான்தானுங்க."

பத்து இருபத்தஞ்சுக்குத் தாலி ஏறிச்சு. மேளத்தை வாசிக்கத் தவில்காரருக்குத்தான் தைரியம் வரல. தாலியைக் கண்ணால பார்த்த பிறகுதான் குச்சியைத் தூக்கினாரு.

மறுவாரம் பொன்னுரங்கம் வண்டியைத் தள்ளிக்கிட்டே பஷீர்கிட்டப் போனாரு. "நீ சொன்ன மூணையும் பாருப்பா. சத்தத்தைக் குறைச்சுடு." பஷீர் காத்து உள்ளே வர்ற ஏர் ஃபில்டரை மாத்தி, பெட்ரோல் அளவைச் சரி பண்ணி, சத்தத்தையும் அடக்கிக் கொடுத்தாரு. இப்ப சம்சாரத்தைப் பின்னாடி உட்கார வச்சு எழுபது வளைவையும் ஏறுறாரு. வளைவுக்கு வளைவு அந்தம்மா பேசறதுகூடத் தெளிவாக் கேக்குதாம். அது ஒண்ணுதான் குறைங்கறாரு.

சிரிச்சுட்டீங்க… சரி. இப்ப என் கேள்விக்கு வாங்க. பிள்ளைக்கு மார்க் குறைஞ்சுது. முதல்ல நாம எதை மாத்துறோம்? நம்ம சத்தத்தை மாத்துறோம். நேத்து மெதுவாச் சொன்ன "படி"யை இன்னிக்கு மூணு வீடு தள்ளிக் கேக்கற மாதிரி சொல்றோம். பிள்ளைக்கு உள்ளே என்ன போகுதுன்னு பார்த்தோமா? காலையில சாப்பிட்டானா? ராத்திரி தூங்கினாளா? கணக்குல எந்த இடத்துல முட்டிக்கிட்டு நிக்கறான்னு ஒரு தடவையாவது கேட்டோமா? மூச்சு விட வழி இல்லாத பிள்ளையை எவ்வளவு விரட்டினாலும் மேடு ஏறாதுங்க.

நானும் ஒரு அப்பன்தான். போன வருஷம் என் மகளைப் பக்கத்துல உட்கார வச்சு, "எதும்மா புரியல?"ன்னு கேட்டேன். அவ நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தா. அப்புறம் கேட்டா, "நிஜமாத்தான் கேக்கறீங்களாப்பா?"

இன்னிக்குச் சாயங்காலம் நீங்களும் கேட்டுப் பாருங்க.