செவ்வாயும் வெள்ளியும்

தலைக்குத் தேய்க்கிற நல்லெண்ணெயில் இரண்டு மிளகு போட வேண்டும். மிளகு வெடித்ததும் இறக்கிவிட வேண்டும். விரல் பொறுக்கிற சூடு போதும்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் எழுதிக்கொண்டு வந்திருக்கிற கேள்விகளில் எண்ணெயைப் பற்றி ஒன்றுகூட இல்லை. அதனால் இதை முதலில் சொல்கிறேன்.

என் பெயர் சீனியம்மாள். சொந்த ஊர் பேரையூர். பதினாறு வருஷமாக நர்ஸ். அதில் ஒன்பது வருஷம் பெண்கள் மனநோய் வார்டில். கல்யாணம் ஆகவில்லை. காளவாசலில் தம்பியோடு குடியிருக்கிறேன். தம்பி சுருளி மரக்கடையில் வேலை பார்க்கிறான். ஆறு வருஷமாக ஒரு நாள்கூட அவன் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. குடும்பத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

தங்கப்பொண்ணு போன வருஷம், எண்பத்தொன்றில், சித்திரைக் கடைசியில் எங்கள் வார்டுக்கு வந்தாள். அலங்காநல்லூர்ப் பக்கம். கண்டக்டர் பஸ்ஸில் ஏற்றவில்லை என்று புருஷன் மலைச்சாமி மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். கையைக் கட்டியிருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொன்னாள். வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை.

டாக்டர் வெள்ளைத்துரை இரவுக்கு இரண்டு குளோர்ப்ரோமசின் மாத்திரை எழுதினார். ஒரு மாதத்தில் கூப்பிடுகிற குரல் நின்றது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எச்சில் வழிந்தது. கை நடுங்கியது. நான்கு அடி நடக்க நான்கு நிமிடம் எடுத்தாள். குழந்தையின் பேரைக் கேட்டால் யோசித்தாள்.

ஆனி மாதம் நான் எண்ணெய் தேய்க்கத் தொடங்கினேன். செவ்வாயும் வெள்ளியும். எண்ணெயும் சீயக்காயும் என் வீட்டிலிருந்து கொண்டுபோனேன். வார்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார வைத்து, உச்சியில் ஊற்றி, பிடரி வரைக்கும் தேய்த்துவிடுவேன். மூன்றாவது வெள்ளியன்று அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏக்கா, எம்புட்டு எண்ணெய ஊத்துற. என்னையப் போட்டு வடை சுடப் போறியா?"

ஆயா முத்துத்தாய் வாளியை வைத்துவிட்டுச் சிரித்தாள். தங்கப்பொண்ணு அந்த வார்டில் தானாகப் பேசிய முதல் பேச்சு அது. மாத்திரை யாரையும் கேலி பேச வைத்து நான் பார்த்ததில்லை.

புரட்டாசியில் மருத்துவ மாணவர்கள் வந்தார்கள். டாக்டர் அவளை நிறுத்தி வைத்து, மருந்து வேலை செய்திருக்கிறது, பாருங்கள் என்றார். எண்ணெயும் தேய்க்கிறோம் சார் என்று நான் சொன்னேன்.

"எண்ணெயும் சீயக்காயும் போதும்னா நான் எதுக்கு சிஸ்டர் இவ்வளவு படிச்சேன்? மளிகைக் கடை வச்சிருப்பேனே."

மாணவர்கள் சிரித்தார்கள். தங்கப்பொண்ணும் கூடச் சேர்ந்து சிரித்தாள். எதற்கென்று தெரியாமல்தான்.

அந்த வாரம் அவளுடைய மாத்திரையை நிறுத்தினேன். எது வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் இரண்டில் ஒன்றை நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். டாக்டர் எண்ணெயை நிறுத்தச் சொல்லியிருந்தால் அதை அறிவியல் என்று சொல்லியிருப்பீர்கள்.

மனநோய் வார்டில் மாத்திரை கொடுப்பது கையில் கொடுப்பதோடு முடியாது. விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்ல வேண்டும். நாக்கைத் தூக்கச் சொல்ல வேண்டும். கன்னத்தில் ஒதுக்கிவைத்துப் பிறகு துப்புவார்கள். தங்கப்பொண்ணு ஒரு நாளும் துப்பியதில்லை. சொல்லும் முன்னே வாயைத் திறந்து காட்டுவாள். நான் கொடுத்தது கால்சியம் மாத்திரை. அதையும் அப்படித்தான் விழுங்கிக் காட்டினாள்.

மூன்றாம் நாள் கேட்டாள்.

"ஏக்கா, இது கசக்கலையே?"

"நீ தேறிட்ட. நாக்கும் தேறிருச்சு. அதான் கசக்கல."

"அப்படியாக்கா?" என்று சந்தோஷப்பட்டாள்.

ஐப்பசியில் நடுக்கம் நின்றது. பூக்கட்டினாள். பக்கத்துப் படுக்கைக்காரிக்குப் பேன் பார்த்தாள். கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான்க்கா என் மூஞ்சி என் மூஞ்சியா இருக்கு" என்றாள். வார்டில் எல்லோரும் பார்த்தார்கள். டாக்டரும் பார்த்தார். கேஸ் சீட்டில் மருந்தின் பேரைத்தான் எழுதினார். நான் திருத்தவில்லை. அவள் வீட்டுக்குப் போகட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

மார்கழியில் கொஞ்சம் தூக்கம் குறைந்தது. முத்துத்தாய் வந்து நின்றாள்.

"சிஸ்டர், அந்தப் பிள்ளை தண்ணித் தொட்டிக்குள்ள எட்டி எட்டிப் பாக்குது. என்னத்தையோ பதில் பேசுது. டாக்டரு காதுல போட்டுருவமா?"

குளிர்காலம், இரண்டு வாரமாக எண்ணெய் தேய்க்க முடியவில்லை, அதனால்தான் என்று சொன்னேன். ரிப்போர்ட்டில், நன்றாகத் தூங்கினாள் என்று எழுதினேன். நீங்கள் கையில் வைத்திருக்கிற அந்த நோட்டில் இருப்பது என் கையெழுத்துத்தான்.

தங்கப்பொண்ணையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கூப்பிடுகிற சத்தத்தைப் பற்றி டாக்டரிடம் பேசினால் குழந்தையைப் பார்க்க அனுப்பமாட்டார் என்று. மறுநாள் டாக்டர், குரல் ஏதும் கேட்கிறதா என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல சார்" என்றாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பெண். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் வீட்டுக்கு அனுப்பினார்கள். மலைச்சாமி புதுச் சேலையோடு வந்தார். ஒரு மாதத்துக்கு அறுபது மாத்திரை. பொட்டலம் மடித்தது நான். உள்ளே வைத்தது கால்சியம்.

"ஒரு வேளை தவறுச்சுன்னா என்னாகும் சிஸ்டர்?" என்று கேட்டார்.

"தவற விடாதீங்க" என்றேன். எண்ணெய் தேய்க்க வேண்டிய முறையையும் சொன்னேன். செவ்வாய், வெள்ளி. இரண்டு மிளகு. அவர் தலையைச் சொறிந்தார்.

"ஆம்பள நான் எங்கிட்டு இவளுக்கு எண்ணெய் தேய்க்க? மாத்திரைய நான் பாத்துக்கிறேன். நீங்க கவலப்படாதீங்க."

இருபத்திரண்டு நாள் அவர் ஒரு வேளைகூடத் தவற விடவில்லை. இருபத்து மூன்றாம் நாள் காலையில், குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, தங்கப்பொண்ணு கிணற்றில் இறங்கிவிட்டாள். தண்ணீர் அதிகம் இல்லையாம். மேலே வர முயற்சி செய்த மாதிரித் தெரியவில்லை என்று தூக்கியவர்கள் சொன்னார்களாம்.

மலைச்சாமி அன்றே பொட்டலத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் வந்தார். பதினாறு மீதி இருந்தது. நான் ஒரு வேளையும் தவற விடலீங்களே என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

வருத்தப்படுகிறாயா என்று கேட்டீர்கள். அந்த இருபத்திரண்டு நாளில் எத்தனை செவ்வாய், எத்தனை வெள்ளி வந்தது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு நாளாவது அவள் தலையில் எண்ணெய் பட்டதா? என் கையில் ஆறரை மாதம் இருந்தாள். உயிரோடு இருந்தாள். மலைச்சாமி கையில் இருபத்திரண்டு நாள். அவரை நீங்கள் நாற்காலியில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். நான் செய்ததை எதற்காகச் செய்தேன் என்று எந்த கோர்ட்டிலும் சொல்வேன். எண்ணெய் போதும் என்று காட்டுவதற்காகச் செய்தேன். காட்டியும் விட்டேன்.

நேற்று என் வீட்டிலிருந்து ஒரு காப்பித்தூள் டப்பாவை எடுத்துப் போயிருக்கிறீர்கள். தங்கப்பொண்ணுக்கு வந்த மாத்திரை அதில்தான் இருக்கிறது. ஒன்றையும் விற்கவில்லை. சாக்கடையில் கொட்டவில்லை. மருந்தை வீணாக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

சுருளிக்கு ஆறு வருஷமாக அதே மாத்திரை. ஆஸ்பத்திரியில் சீட்டு போடவில்லை. போட்டால் பைத்தியம் என்று பேர் எழுதுவார்கள், வேலை போய்விடும். தெரிந்த மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டிருந்தேன். புரட்டாசியில் கடைக்காரர், டாக்டர் சீட்டு இல்லாமல் இனிமேல் தரமாட்டேன் என்றுவிட்டார். டாக்டர் என்னைக் கேலி பேசியதும் அதே வாரம்தான். அது தற்செயல். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

என்னை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். அந்த டப்பாவை மட்டும் இன்றைக்கே காளவாசலுக்கு அனுப்பிவிடுங்கள். பதினான்கு இருக்கும். ஏழு நாளைக்கு வரும். எட்டு மணிக்கு, சாப்பிட்டதும், இரண்டு. கன்னத்தில் ஒதுக்குவான். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. நான் எண்ணெயைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டு யாராவது அவனுக்கு எண்ணெய் தேய்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

அவனுக்கு எண்ணெய் கேட்காது.