நடக்கத் துணை வந்த தையல்காரர்

எனக்கு நடைப்பயிற்சி பிடிக்காது, ஐயா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் சொல்வதெல்லாம் நடைப்பைத்தியம் பிடித்த ஒருவனின் பேச்சாகத் தெரியும். நீங்கள் மாடி வீட்டு அண்ணனைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன், அவசரப்படாதீர்கள்.

என் இடுப்பு நாற்பத்திரண்டு அங்குலத்தைத் தொட்டபோது டாக்டர், "தினமும் ஒரு மணி நேரம் நடங்க, இல்லன்னா நெஞ்சு தாங்காது" என்றார். பயந்துபோய் நடக்க ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் விட்டேன். மறுபடி ஆரம்பித்தேன், மறுபடியும் மூன்றே நாள். நான் அலாரம் வைப்பதைப் பார்த்தாலே என் மனைவிக்குச் சிரிப்பு வரும்.

நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில், காத்திருப்பவர்கள் புரட்டுவதற்கென்று சில பத்திரிகைகள் கிடக்கும். அதில் ஒன்றில்தான் படித்தேன்: உடற்பயிற்சி தடைபடாமல் இருக்க ஒரு துணையைத் தேடிக்கொள்ளுங்கள். நல்ல யோசனையாகப் பட்டது.

முதலில் மச்சானைக் கூப்பிட்டேன். டீக்கடை வரைக்கும் ஜோராக நடப்பார், அதோடு சரி. அடுத்து எங்கள் நிலையத்தில் டோக்கன் கொடுப்பவர். ஐந்தாம் நாள் போன் செய்து, மழை பெய்கிறது என்றார். நான் அப்போது அவர் வீட்டு வாசலில்தான் நின்றிருந்தேன். ஒரு துளி இல்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர்களுக்கு நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அவ்வளவுதான்.

பூங்காவில் ஒன்றைக் கவனித்தேன். ஒரு நாள்கூட விடாமல் வருகிறவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்த முகங்கள். எல்லோரும் எங்கள் நிலையத்தில் ஊசிக்குக் கை நீட்டியவர்கள். சர்க்கரை நோய் என்று தெரிந்த மறுநாளே ஷூ வாங்கியவர்கள்.

அந்த வாரம்தான் மாடி வீட்டு அண்ணன், அண்ணியின் நச்சரிப்பு தாங்காமல் பரிசோதனைக்கு வந்தார். ஐம்பத்திரண்டு வயது, தையல்காரர். எங்கே போனாலும் கழுத்தில் அளவு நாடா தொங்கும். கல்யாண வீட்டில்கூட அதோடுதான் நிற்பார். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 94. அருமையான ரத்தம். நான் அதற்கு முன்னால் ஒரு ஒன்றைச் சேர்த்தேன். மற்ற இரண்டு எண்களும் அவருடையவைதான்.

அன்று சாயங்காலம் படியிறங்கி வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"தம்பி, டாக்டர் சர்க்கரைக்கு மாத்திரை எழுதிக் குடுத்து, தினமும் நடக்கவும் சொல்றாரு. தனியா போனா சரிப்படாது. நீ கூட வர்றியா?"

"அதுக்கென்னண்ணே, வரேன்" என்றேன். அவரே வாய் விட்டுக் கேட்டார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழு மாதம் நடந்தோம். சரியாக ஐந்தரைக்கு என் ஜன்னலைத் தட்டுவார். பூங்காவை நான்கு சுற்று. தான் தைத்துக் கொடுத்த சட்டைகளைப் பற்றியும், தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு அளவு கொடுக்கும் மாப்பிள்ளைகளைப் பற்றியும் பேசிக்கொண்டே வருவார். நான் வயிறு குலுங்கச் சிரிப்பேன். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும், ஐயா. ஒன்பது கிலோ குறைந்தேன். என் பேண்ட்டை மூன்று முறை பிடித்துத் தைத்துக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. அண்ணி என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்குவார். "நீங்க இல்லன்னா இந்த மனுஷன் எந்திரிக்கவே மாட்டாரு" என்பார்.

நான்காம் மாதம் அவர் சொன்னார்: "அடுத்த டெஸ்ட்ல நார்மல் வந்துட்டா கொஞ்ச நாள் லீவு விட்றலாம் தம்பி. காலு கெஞ்சுது."

அடுத்த பரிசோதனையில் 81 வந்தது. ஒன்று சேர்த்தால் 181. முன்பைவிடக் குறைவு, லீவு கேட்பார். அதனால் இந்த முறை முன்னால் இரண்டைச் சேர்த்தேன். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அது டாக்டருடைய முடிவு, நான் மாத்திரை எழுதுகிறவன் அல்ல.

"இவ்ளோ நடந்தும் ஏன் ஏறுது?" என்று அண்ணி கேட்டார். இன்னும் கொஞ்சம் வேகமாக நடக்க வேண்டும் என்றேன். வீட்டிலேயே பார்க்கும் கருவி ஒன்று வாங்கட்டுமா என்றார். "அந்த மிஷினெல்லாம் இஷ்டத்துக்கு நம்பர் காட்டும், அண்ணி. நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். அன்றிலிருந்து அண்ணன் ராத்திரிச் சாப்பாட்டையும் பாதியாகக் குறைத்தார். நல்ல கட்டுப்பாடு.

கடைசி நாள் செவ்வாய்க்கிழமை. இரண்டாவது சுற்றிலேயே அண்ணனின் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. நன்றாக உழைக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். விரல்கள் நடுங்கின. பிறகு கழுத்திலிருந்து நாடாவை உருவி, விளக்குக் கம்பத்துக்கு அளவெடுக்க ஆரம்பித்தார். "கை நீளம் போதுமா சார்?" என்று மரியாதையாக அதனிடம் கேட்டார். வேடிக்கை செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியே கீழே உட்கார்ந்தார்.

மருத்துவமனையில் பார்த்தபோது சர்க்கரை வெறும் 22தான் இருந்ததாம். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. எங்கள் கருவியின் நினைவிலிருந்த பழைய எண்களையும் நீங்கள் எடுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். அவை சரியான எண்கள்தான். கருவியில் நான் கை வைத்ததே இல்லை, தாளில் மட்டும்தான் மாற்றினேன். இரண்டு முறை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் நேற்று அண்ணி இங்கே வந்து கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்த இடத்திலிருந்து அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இனிப்பா ஏதாவது இருக்கா? உயிரு போற மாதிரி இருக்கு" என்றது உண்மை. என் பையில் மிட்டாய் இருந்ததும் உண்மை. சுற்றுக்கு ஒன்று என்று எனக்கு நானே கொடுத்துக்கொள்வேன். அன்றைக்கு இன்னும் இரண்டு மீதம் இருந்தன. கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரே என்று அண்ணி அழுதார். அவருக்குப் புரியவில்லை. பதினெட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஐயா. 281 சர்க்கரை இருக்கிற ஒரு மனிதருக்கு எந்த மனசாட்சியோடு மிட்டாய் கொடுப்பேன்?